பயிற்சிக்குக் கட்டணம் யார் கட்டுவது?

கடந்த டிசம்பரில், ஐந்தாம் பருவத் தேர்வு முடிந்த வாரம், சேலையூரில் எங்கள் தெருவில் வசிக்கும் மாணவி ஒருவர் தன் தந்தையுடன் வீட்டுக்கு வந்திருந்தார். தந்தை, தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு சிறு தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளர். மகள் கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. மகளின் கையில் ஒரு துண்டறிக்கை இருந்தது. ஒரு மாத மென்பொருள் இன்டர்ன்ஷிப், சான்றிதழ் உறுதி, கட்டணம் ₹6,000 என்று அதில் அச்சிட்டிருந்தது.

“சார், எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பணம் கட்டிவிட்டார்கள். நானும் கட்டலாமா?” என்பது மகளின் கேள்வி. “வேலை செய்தால் முதலாளிதானே நமக்குக் காசு தர வேண்டும்? வேலை செய்வதற்கு நாம் காசு கொடுப்பது என்ன கணக்கு சார்?” என்பது தந்தையின் கேள்வி.

வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் பொருளியல் கற்பித்தவன் நான். தந்தையின் கேள்வி என்னைச் சற்றுத் திகைக்க வைத்தது. தொழிலாளர் பொருளியலின் மையத்தில் இருக்கும் கேள்வியை அவர் எந்தக் கலைச்சொல்லும் இல்லாமல் கேட்டுவிட்டார். ஒருவரை வேலைக்குத் தகுதியாக்கும் செலவு யாருடையது? நிறுவனத்துடையதா, அரசுடையதா, குடும்பத்துடையதா? தென்சென்னைப் புறநகரில் பல்லாயிரம் வீடுகள் இன்று இந்தக் கேள்விக்குத் தங்கள் சேமிப்பிலிருந்து விடை எழுதிக்கொண்டிருக்கின்றன.

ஒரு சாலையின் இருபுறமும்

தாம்பரத்துக்கும் பொறியியல் கல்விக்கும் உறவு பழையது. 1949-இல் சி.ராஜம் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் அங்கே படித்தவர்கள். 1984-இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது. அதே காலத்தில்தான் தமிழக அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. வண்டலூர், காட்டாங்கொளத்தூர் என ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் கல்லூரிகள் எழுந்தன. 2000-ஆம் ஆண்டு ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதும், பழைய மாமல்லபுரம் சாலை சிறுசேரி வரை மென்பொருள் சாலையாக மாறியது.

ஆக, மேற்கே ஜி.எஸ்.டி. சாலையில் கல்லூரிகள், கிழக்கே ஓ.எம்.ஆரில் நிறுவனங்கள். நடுவில் பல்லாவரம் - துரைப்பாக்கம் சாலையும், மேடவாக்கம் வழியாக வேளச்சேரிக்குச் செல்லும் சாலையும். தொலைவு இருபது கிலோமீட்டருக்கும் குறைவு. அந்த இருபது கிலோமீட்டரைக் கடக்க ஒரு மாணவருக்கு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பலருக்கு அதற்குப் பிறகும் கடக்க முடிவதில்லை. இடைவெளி இருக்கும் இடத்தில் வியாபாரம் முளைப்பது இயல்பு. சான்றிதழ் விற்கும் பயிற்சி மையங்கள் அப்படி முளைத்தவைதாம்.

பயிற்சிச் செலவு கைமாறிய கதை

கேரி பெக்கர் என்ற பொருளியலாளர் 1964-இல் மனித மூலதனம் பற்றிய தன் நூலில் ஒரு வேறுபாட்டை விளக்கினார். ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே பயன்படும் திறன் ஒன்று. எந்த நிறுவனத்துக்குப் போனாலும் பயன்படும் திறன் மற்றொன்று. இரண்டாவது வகைத் திறனைக் கற்பிக்க நிறுவனங்கள் செலவு செய்யத் தயங்கும். கற்றுக்கொண்டவர் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விட்டால் செலவு வீண் அல்லவா? எனவே, அந்தச் செலவைக் கற்பவரே ஏதோ ஒரு வகையில் ஏற்க நேரிடும் என்றார் பெக்கர். ஜாவாவும் பைத்தானும் தரவுத்தளமும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

ஆனால், இந்திய மென்பொருள் நிறுவனங்கள் தொடக்கத்தில் இந்த விதியை மீறியே வளர்ந்தன. இயந்திரவியல் படித்தவரையும் கட்டுமானவியல் படித்தவரையும் எடுத்து, மாதக்கணக்கில் சம்பளத்துடன் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தன. மைசூருவில் இன்ஃபோசிஸ் அமைத்த பிரம்மாண்டமான பயிற்சி வளாகம் அந்தக் காலத்தின் அடையாளம். வெளிநாட்டு ஒப்பந்தங்கள் குவிந்தன, ஆட்கள் போதவில்லை. அதனால் பயிற்சிச் செலவு நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாயிற்று.

இன்று அந்த நிலை இல்லை. நிறுவனம் செய்துவந்த பயிற்சி படிப்படியாகக் கல்லூரிப் பருவத்துக்குள் தள்ளப்பட்டுவிட்டது. வேலையில் சேரும் முன்பே இணையவழிப் பாடங்களை முடித்திருக்க வேண்டும்; சேர்ந்த பின்னும் அகத்தேர்வுகளில் தேற வேண்டும். 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் அகத்தேர்வில் தேறவில்லை என்று விடுவிக்கப்பட்டதை நாடே பார்த்தது. அவர்களில் பலர் 2022-இல் பணி வாய்ப்புக் கடிதம் பெற்று, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து சேர்ந்தவர்கள். மூன்று வாய்ப்புகள் தரப்பட்டன, இந்த நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றது நிறுவனம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால், காத்திருந்த அந்த இரண்டு ஆண்டுகளின் செலவை ஏற்றது யார் என்று பார்த்தால், விடை குடும்பம் என்பதுதான்.

இன்னொரு பக்கம், பெரிய நிறுவனங்களில் புதியவர்களுக்கான தொடக்கச் சம்பளம் பத்தாண்டுகளுக்கு மேலாக ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபாயை ஒட்டியே நிற்கிறது. இந்தக் காலத்தில் கல்லூரிக் கட்டணமும் தாம்பரத்து வீட்டு வாடகையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பயிற்சிச் செலவும் குடும்பத்தின் தலையில்; விலைவாசி உயர்வும் குடும்பத்தின் தலையில்.

தக்காளியும் பொறியாளரும்

தக்காளி விலை ஏறிய ஆண்டில் எல்லோரும் தக்காளி நடுகிறார்கள். அறுவடை வரும்போது விலை சரிந்துவிடுகிறது. பொருளியலில் இதற்குச் சிலந்தி வலைக் கோட்பாடு என்று பெயர். ரிச்சர்ட் ஃப்ரீமன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1976-இல் இதே கோட்பாட்டைப் பொறியாளர் சந்தைக்குப் பொருத்திக் காட்டினார். இன்றைய சம்பளத்தைப் பார்த்து மாணவர்கள் சேர்கிறார்கள். அவர்கள் படித்து முடிக்கும் நாளில் சந்தை வேறாக இருக்கிறது.

நம் கண் முன்னே நடந்ததும் இதுதான். 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். மட்டும் சுமார் ஒரு லட்சம் புதியவர்களைச் சேர்த்தது. அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு 2021-இல் கணினிப் பொறியியலில் சேர்ந்த மாணவர், 2023-24-இல் மூன்றாம் ஆண்டுக்கு, அதாவது பயிற்சி தேடும் ஆண்டுக்கு, வந்து சேர்ந்தார். அந்த ஒரே நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ ஆகிய மூன்றின் மொத்தப் பணியாளர் எண்ணிக்கை சுமார் 64,000 குறைந்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் பணியாளர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தது.

செயற்கை நுண்ணறிவு இதில் புதிய முடிச்சு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் பிரின்யால்ஃப்சன் குழுவினர் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் இத்தொழில்நுட்பத்தின் தாக்கம் மிகுந்த வேலைகளில் 22 முதல் 25 வயதுக்குட்பட்டோரின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிடுகையில் 13 விழுக்காடு குறைந்திருப்பதாகக் கூறியது. அதே துறைகளில் அனுபவம் மிக்கவர்களுக்கு அந்த அளவுக்குப் பாதிப்பில்லை. அமெரிக்க முடிவை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும், புதியவர்கள் செய்து பழகிவந்த எளிய வேலைகளே முதலில் கருவியிடம் போகின்றன என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. ஏணியின் முதல் படி உயர்ந்துவிட்டது. அந்த உயரத்துக்கு மாணவரைத் தூக்கிவிடும் பொறுப்பு யாருக்கு என்பது பற்றி யாரும் பேசுவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் கணினி சார்ந்த பிரிவுகளுக்கான இடங்கள் பெருகவே செய்கின்றன. நல்ல நிலையில் உள்ள கல்லூரிகளுக்கு இருந்த மாணவர் சேர்க்கை உச்சவரம்பை 2024-25 முதல் தொழில்நுட்பக் கல்விக் குழு நீக்கிவிட்டது. அறை கட்டுவது எளிது. ஆசிரியரை உருவாக்குவது கடினம். ஒரே ஆசிரியர் பல பொறியியல் கல்லூரிகளில் பணிபுரிவதாகக் கணக்குக் காட்டப்பட்டிருப்பதை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது நினைவிருக்கலாம். வகுப்பறையில் ஆசிரியர் இல்லாதபோது, மாணவர் துண்டறிக்கையை நம்பாமல் வேறு எதை நம்புவார்?

சான்றிதழ் எப்போது பேசும்?

மகளின் கேள்விக்கு வருகிறேன். ₹6,000 கட்டலாமா?

2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான மைக்கேல் ஸ்பென்ஸ், 1973-இல் வேலைச் சந்தையில் அடையாளங்கள் எப்படிச் செயல்படுகின்றன என்று எழுதினார். விண்ணப்பிப்பவரின் திறமை நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியாது. எனவே அது அடையாளங்களைத் தேடுகிறது. ஓர் அடையாளம் பயன்பட வேண்டுமானால், திறமை உள்ளவருக்கு அது எளிதாகவும் இல்லாதவருக்குக் கடினமாகவும் இருக்க வேண்டும். காசு கொடுத்த எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைக்கும் சான்றிதழ் இந்தச் சோதனையில் முதல் சுற்றிலேயே தோற்றுவிடுகிறது. வகுப்பில் பாதிப் பேரிடம் அது இருக்கிறது என்பதே அது எதையும் சொல்லவில்லை என்பதற்குச் சான்று.

பொய்யாக உருவாக்கக் கடினமானது எது? தானே எழுதி, தவறி, திருத்திய நிரல். கிட்ஹப் தளத்தில் ஒரு நிரலை எந்தெந்த நாளில் எப்படி மாற்றினோம் என்ற வரலாறு பதிவாகிறது. கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றில் நாம் அனுப்பிய திருத்தத்தை அதன் பராமரிப்பாளர்கள் ஏற்றுக்கொண்டால், அது முகம் தெரியாத ஒருவர் தரும் நற்சான்று. நேர்முகத் தேர்வில் கணக்கைக் கொடுத்து, கண் முன்னே தீர்க்கச் சொல்கிறார்கள். அங்கே சான்றிதழ் உதவாது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய நிரலாக இருந்தாலும், இந்த வரி எதற்கு, இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மாணவர்கள் என்னிடம் கேட்கும்போது நான் சொல்வது எளிய திட்டம். என் பிள்ளைகள் இருவரும் இத்துறையில் இருப்பதால், அவர்களிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டதும்கூட. முதலாண்டில் ஒரே ஒரு கணினி மொழியை, சி ஆகட்டும் பைத்தான் ஆகட்டும், ஐயமறக் கற்க வேண்டும். ஐந்து மொழிகளில் அரைகுறையாக இருப்பதைவிட இது மேல். இரண்டாம் ஆண்டில் தரவுக் கட்டமைப்புகள், அல்காரிதம், தரவுத்தளம். அன்றாடம் ஒரு கணக்காவது போட வேண்டும். மூன்றாம் ஆண்டில் இயங்குதளம், கணினி வலையமைப்பு. கூடவே யாருக்காவது உண்மையில் பயன்படும் ஒரு சிறு செயலி. இவற்றுக்கான நல்ல பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் விரிவுரைகளாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்குத்தான் கட்டணம்.

நாட்காட்டியையும் கவனிக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் பல, பயிற்சிக்கான தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே நடத்திவிடுகின்றன. ஏழாம் பருவம் தொடங்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பணித் தேர்வு தொடங்குகிறது. இறுதியாண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர், பேருந்து புறப்பட்ட பிறகு நிலையத்துக்கு வருகிறார். நிலுவைத் தாள் இருந்தால் பல நிறுவனங்கள் தேர்வறைக்குள்ளேயே விடுவதில்லை. ஆங்கிலத்தில் பிழையின்றிப் பேசுவதைவிட, செய்த வேலையைத் தயங்காமல் விளக்கிச் சொல்வது முக்கியம். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வதுண்டு.

சராசரி சொல்லும் பொய்

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரி விளம்பரப் பலகைகளில் உயர்ந்தபட்சச் சம்பளமும் சராசரிச் சம்பளமும் பெரிதாக எழுதப்படுகின்றன. ஐந்து பேரில் நால்வருக்கு ஆண்டுக்கு 3.5 லட்சம், ஒருவருக்கு 40 லட்சம் என்று கொள்வோம். சராசரி 10.8 லட்சம். அந்தச் சம்பளத்தை வாங்குபவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளமான இடைநிலை அளவுதான் உண்மைக்கு அருகில் இருப்பது. இங்கே அது 3.5 லட்சம்.

இந்த இடைநிலைச் சம்பளத்தை அறிய வழி உண்டு. தேசிய தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும், எத்தனை பேர் உரிய காலத்தில் தேறினர், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குச் சென்றனர் என்ற விவரங்களைச் சமர்ப்பிக்கிறது. அந்த அறிக்கையைக் கல்லூரியின் இணையதளத்திலேயே பார்க்கலாம். கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் இடுவதற்கு முன் பத்து நிமிடம் இதற்குச் செலவிட்டால், நான்கு ஆண்டு ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். வாய்ப்புக் கடிதங்களின் எண்ணிக்கையையும் நம்பிவிடக் கூடாது. ஒரே மாணவர் நான்கு கடிதங்கள் பெற்றால் கணக்கில் நான்காகிவிடும். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சட்டத்தின் இடைவெளி

அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், திறன் பாடங்களைக் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கட்டணமின்றிக் கொண்டுவந்தது. துண்டறிக்கைக் கடைகளுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. மத்திய அரசு 2024 அக்டோபரில் பிரதமரின் பயிற்சித் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியது. தொடங்கியபோது மாதம் ₹5,000 உதவித்தொகை. ஆனால், தொடக்க விதிகளின்படி முழுநேரக் கல்வியில் இருந்தவர்கள் அதில் சேர முடியவில்லை. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ்ப் பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 2019-இல் ₹9,000 என நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் பெரும்பாலும் பட்டம் பெற்ற பின்னர்தான். மூன்றாம் ஆண்டில் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு அலையும் மாணவர் இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறார். பயிற்சி கட்டாயம் என்கிறது பாடத்திட்டம். பயிற்சி தர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. தேவையை ஆணையால் உருவாக்கிவிட்டு அளிப்பைச் சந்தையிடம் விட்டால், போலி அளிப்புதான் பெருகும்.

வேறு வழி சாத்தியம் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. கூடுவாஞ்சேரியை ஒட்டிய வளாகத்திலிருந்து இயங்கும் ஜோஹோ நிறுவனம், பள்ளிப் படிப்பு முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கும் பள்ளியை இருபது ஆண்டுகளாக நடத்திவருகிறது. ஒரு நிறுவனத்தால் ஊரையே படிக்க வைக்க முடியாது. ஆனால், பயிற்சிக்கு நிறுவனமே செலவிட்டாலும் தொழில் கெட்டுவிடாது என்பதை அது காட்டுகிறது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. முதலாவதாக, மாணவர் கட்டணம் செலுத்திப் பெற்ற இன்டர்ன்ஷிப்புக்குப் பாட மதிப்பெண் கிடையாது என்று பல்கலைக்கழகம் ஒரு வரி சேர்க்கலாம்; அந்த வியாபாரத்தின் பெரும்பகுதி அன்றே படுத்துவிடும். இரண்டாவதாக, விளம்பரத்தில் சம்பளம் குறிப்பிடும் கல்லூரி, இடைநிலைச் சம்பளத்தையும் பணியில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். மூன்றாவதாக, வாய்ப்புக் கடிதத்தில் சேரும் நாள் இருக்க வேண்டும். அது தள்ளிப்போனால் காத்திருப்போருக்கு ஒரு தொகை தர வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கின. அது வேலையில் சேர்ந்தவருக்கான பாதுகாப்பு. சேரும் நாளை எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்கும் அது நீள வேண்டும். நான்காவதாக, ஏற்றுமதி மண்டலத்திலும் ஓ.எம்.ஆரிலும் உள்ள நிறுவனங்கள் தங்கள் அளவுக்கேற்ப ஆண்டுதோறும் சில மாணவர்களை உதவித்தொகையுடன் ஏற்க, அரசு முன்னின்று ஏற்பாடு செய்யலாம். சலுகை பெற்று வளர்ந்த தொழில், சுற்றியுள்ள ஊருக்குச் செய்யும் சிறு கைம்மாறு அது.

அந்த மாணவி ₹6,000 கட்டவில்லை. தந்தையின் தொழிற்கூடத்தில் மிகைநேரக் கணக்கு நோட்டில் எழுதப்படுவதையும், மாதக் கடைசியில் அதனால் சண்டை வருவதையும் தந்தை சொல்லக் கேட்டிருந்தார். அந்தக் கணக்கைப் போடும் சிறு செயலி ஒன்றை நான்கு மாதம் உழைத்து எழுதினார். மூன்று முறை தப்பாகக் கணக்குக் காட்டியது, திருத்தினார். அதைக் காட்டி நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மூன்று பதில்கள் வந்தன. பெருங்குடியில் ஒன்றில் மே, ஜூன் இரண்டு மாதங்கள் பயிற்சி, மாதம் ₹8,000. பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் போக மீதம் சொற்பம்தான். ஆனாலும் முதல் மாதத் தொகை வந்த அன்று, “இதுதான் சார் சரியான கணக்கு” என்றார் அவருடைய தந்தை.

பணித் தேர்வு இந்த மாதம் தொடங்குகிறது. அவருக்கு வேலை கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல இயலாது. சந்தை யாருக்கும் உறுதி தருவதில்லை. ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. அவர் உழைத்த இரண்டு மாதத்துக்கும், அவருடைய வகுப்புத் தோழர்கள் பணம் கட்டி வாங்கிய சான்றிதழுக்கும் கல்லூரிப் பதிவேட்டில் இன்று ஒரே மதிப்பெண்தான். அந்தப் பதிவேட்டைத் திருத்துவதிலிருந்து நாம் தொடங்கலாம்.